பிறனைப் பற்றி என்ன நினைக்கிறோம்?



ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகையில், ஒரு பெண்பிள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே முழந்தாளில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போன ஞாயிறும் அப்படியே. அதற்கு முந்தின ஞாயிறும் அப்படியே. அதுவரை வாரந்தவறாமல் நன்மை வாங்கி வந்தவள். பூசை முடிந்து கோவில் வாசலைத் தாண்டுமுன் ஒருத்தி மற்றொருத்தியிடம், "அந்த அக்காவுக்கு என்னவாம்?" என்று கேட்கிறாள். தெருமுனைக்கு வருவதற்குள் அந்தக் கேள்வி ஊகமாகிறது. வீட்டில் பலகாரத்துக்கு உட்காரும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. அவளுடைய புருஷனின் பெயரும், கடன் கொடுத்தவனின் பெயரும், சில சமயம் அடுத்த வீட்டுக்காரனின் பெயருங்கூட அந்தத் தீர்ப்பில் சேர்ந்துகொள்கின்றன.

இதில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு? அவள் எழுந்து போகவில்லை என்பது ஒன்றே. மற்றதெல்லாம் நாம் கூட்டிச் சேர்த்தது. பீடத்துக்குக் காணிக்கை கொண்டு வருகிறவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டுமென்று சேசுநாதர் சுவாமி கற்பித்தாரல்லவா? ஒருவேளை அவள் தன் தங்கையோடு மனஸ்தாபப்பட்டு, அதைத் தீர்க்காமல் நன்மை வாங்க அஞ்சி, மூன்று வாரமாய் அழுதுகொண்டிருக்கலாம். அப்படியானால் நாம் பாவமென்று பேசியது அவளுடைய மனச்சாட்சியின் நேர்மையையே. இதுவும் ஊகந்தான் என்பீர்கள். ஆம், ஊகந்தான். ஆனால் அந்தக் கெட்ட ஊகத்துக்கு எவ்வளவு ஆதாரம் உண்டோ, அவ்வளவு ஆதாரம் இந்த நல்ல ஊகத்துக்கும் உண்டு. அப்படியிருக்க, நம் மனம் ஏன் முந்தினதையே உடனே பிடித்துக்கொள்கிறது? இதைத்தான் இவ்வாரம் நாம் சற்று அமர்ந்து ஆலோசிக்க வேண்டும்.

எதை விலக்கினார்?

பிறரைத் தீர்ப்பிடலாகாதென்று ஆண்டவர் கட்டளையிட்டதை ஞானோபதேசம் படிக்கிற சிறு பிள்ளையும் அறியும். பெரியவர்களுக்கோ ஒரு சங்கடம் வருகிறது. "தீர்ப்பிடாமல் உலகத்தில் வாழ முடியுமா? மகளுக்கு வரன் பார்க்கிற தகப்பன் பையனின் நடத்தையை விசாரிக்க வேண்டாமா? தப்புச் செய்த பிள்ளையை வாத்தியார் திருத்த வேண்டாமா? நீதிபதி கள்ளனை விட்டுவிடுவதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே.

இதற்குப் பதில் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத் தொடக்கத்தில் தீர்ப்பிடுவதை விலக்கின கர்த்தர், அதே அதிகாரத்தில் ஆட்டுத்தோல் போர்த்து வருகிற ஓநாய்களைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கவும், மரத்தை அதன் கனியால் அறியவும் போதிக்கிறார். ஆகையால் அவர் நம்மைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. சகோதரனின் கண்ணிலுள்ள துரும்பைத் தொடவே கூடாதென்றும் சொல்லவில்லை. நம் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடுத்துப்போட்டால், துரும்பை எடுத்துவிடும்படி நமக்குப் பார்வை தெளியும் என்கிறார்.

செயலைச் செயலென்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. களவு களவுதான், குடித்துவிட்டு மனைவியை அடிப்பது பாவந்தான். அதைப் பாவமல்லவென்று சொல்லுவது பிறர் சிநேகமாகாது. ஆனால் அதைச் செய்தவன் எவ்வளவு அறிந்து செய்தான், எந்த நெருக்கடியில் செய்தான், செய்த பின் எவ்வளவு மனம் நொந்தான், சர்வேசுரனுக்கு முன்பாக இன்று அவனுடைய ஆத்துமம் எந்த நிலையிலிருக்கிறது என்பவையெல்லாம் நமக்கு மறைவானவை. தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். அது சரியே, என்றாலும் எவ்வளவு தீர விசாரித்தாலும் நாம் போய்ச் சேருவது செயல்மட்டும் தான். ஆத்துமத்தின் வாசலுக்கு வெளியே நம்முடைய விசாரணை நின்றுவிடுகிறது. அந்த வாசலைத் தாண்டி நாம் எழுதுகிற தீர்ப்பைத்தான் ஆண்டவர் விலக்கினார்.

இரண்டு தவறுகள், இரண்டு நஷ்டங்கள்

1274-ம் ஆண்டில் மரித்த வேதபாரகராகிய அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இந்த விஷயத்தை ஒழுங்காய்ப் பிரித்துக் காட்டுகிறார். பிறனைப் பற்றிக் கெட்ட சந்தேகம் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறதாம். தான் கெட்டவனாயிருப்பவன் மற்றவர்களும் தன்னைப்போலவே இருப்பார்களென்று எளிதில் நினைக்கிறான். ஒருவன்மேல் பகையோ, கோபமோ, பொறாமையோ உள்ளவன் அற்ப அடையாளத்தைக் கண்டும் அவனைக் குற்றவாளியென்று தீர்மானிக்கிறான். நெடுநாள் உலக அனுபவமுள்ள வயோதிகர்கள் பலரிடம் ஏமாந்திருப்பதால் சந்தேகப்படுகிறார்கள். இம்மூன்றில் கடைசியானதுமட்டுமே ஓரளவு நியாயத்தோடு சேர்ந்தது. முந்தின இரண்டும் பிறனுடைய குற்றத்தைவிட நம்முடைய குற்றத்தையே அதிகமாய்க் காட்டுகின்றன.

"எல்லோரையும் நல்லவர்களென்று நினைத்தால் அடிக்கடி ஏமாந்து போவோமே!" என்ற கேள்விக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். ஒரு நல்லவனைக் கெட்டவனென்று எண்ணி அபூர்வமாய்த் தவறுவதைப் பார்க்கிலும், கெட்டவர்களை நல்லவர்களென்று எண்ணி அடிக்கடி தவறுவதே மேல் என்கிறார். ஏனென்றால், முந்தின தவறு பிறனுக்கு அநியாயஞ் செய்கிறது. பிந்தினது ஒருவனுக்கும் அநியாயஞ் செய்யவில்லை.

இதை நம் வீட்டு விஷயத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி காணவில்லை. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் முந்தின நாள்தான் அந்த அறையைப் பெருக்கினாள். அவள் எடுத்திருக்க, நாம் அவளைக் குற்றமற்றவளென்று எண்ணிவிட்டால், நமக்குச் சங்கிலி நஷ்டம். அவள் எடுக்காதிருக்க, நாம் அவளைக் கள்ளியென்று எண்ணிப் பேசிவிட்டாலோ, அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. அவளுடைய மகளுக்கு வந்த சம்பந்தம் நின்று போகலாம். பள்ளிக்கூடத்தில் அவளுடைய பையனை மற்றப் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ! ஒரு மாதங்கழித்துச் சங்கிலி அலமாரிக்குப் பின்னால் கிடைக்கிறது. சங்கிலி திரும்பி வந்துவிட்டது. அவளுடைய பெயர் திரும்பி வருமா? ஆதலால், சந்தேகம் நீங்காத இடத்தில் நஷ்டத்துக்கு உட்படுவது நாமாயிருக்கட்டும், பிறனாயிருக்க வேண்டாம். தீர்ப்பிடாதிருத்தல் என்பது ஏதோ மென்மையான குணமென்று நினைக்கிறோம். அது முதலாவது நீதி, பிறகுதான் இரக்கம்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலமாரியைப் பூட்டி வைப்பது தீர்ப்பன்று. தீமை நேராதபடி காப்பதற்காக, கெட்டது நடக்கக்கூடுமென்று முன்னெச்சரிக்கையாய் இருக்கலாமென்று அதே வேதபாரகர் அனுமதிக்கிறார். விசேஷமாய், ஒரு குழந்தைக்கோ, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்கோ தீங்கு நடக்கிறதென்று அறிந்தால், "நான் யாரையும் தீர்ப்பிடமாட்டேன்" என்று சும்மாயிருப்பது புண்ணியமல்ல. அது அந்தக் குழந்தையைக் கைவிடுவதாகும். நம் நாட்டில் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. குருக்களும் துறவிகளும் இப்படிப்பட்டவற்றைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டுமென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ல் சட்டம் வகுத்தார். தெரிவிக்க வேண்டியவர்களிடம் தெரிவிப்பது கடமை. திண்ணையில் பேசுவதுதான் குற்றம். நாமோ பலசமயம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, மூட வேண்டிய இடத்தில் திறக்கிறோம்.

சூசையப்பர் செய்தது

கண்முன்னே அத்தாட்சி இருந்தும் தீர்ப்பிடாதிருந்தவர் ஒருவரைச் சுவிசேஷம் நமக்குக் காட்டுகிறது. தேவமாதா கர்ப்பவதியாயிருப்பதை அர்ச். சூசையப்பர் கண்டார். உலகத்தார் எவரும் அந்த நிலையில் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். அவரோ நீதிமானாயிருந்தபடியால் அவளை அவமானத்துக்கு உள்ளாக்க மனமில்லாதிருந்தார். அர்ச். பிரான்சீஸ்கு சலேசியார், பக்திச் சீவியத்தைப் பற்றி 1609-ல் வெளியிட்ட தம் நூலில் இதையே எடுத்துக்காட்டுகிறார். மரியம்மாளின் பரிசுத்தத்தையும் சந்தேகிக்க முடியாமல், தாம் கண்டதையும் மறுக்க முடியாமல் இருந்த சூசையப்பர், தீர்ப்பைச் சர்வேசுரனுக்கே விட்டுவிட்டார் என்கிறார் அவர். உண்மையோ சூசையப்பர் ஊகித்திருக்கக்கூடியது எல்லாவற்றையும் கடந்ததாயிருந்தது. சம்மனசு வந்து சொல்லும்வரை மனித புத்தி எட்டக்கூடிய காரியமா அது? நமக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று அல்லது இரண்டு. உண்மையான காரணம் நமக்குத் தோன்றாத மூன்றாவதாகவும் இருக்கலாம்.

ஒரு செயலுக்கு நூறு முகங்கள் இருந்தால் அவற்றில் மிக அழகான முகத்தையே பார்க்க வேண்டுமென்றும் அந்த அர்ச்சியசிஷ்டவர் புத்தி சொல்லுகிறார். ஒருநாள் செய்த செயலைக்கொண்டு ஒருவனுக்குப் பெயர் சூட்டலாகாதென்றும் அவர் கண்டிக்கிறார். நோவா ஒருமுறை மதிமயங்கினார். அதனால் அவர் குடிகாரரா? பரிசேயனாகிய சீமோன் தன் வீட்டுப் பந்தியிலே, ஆண்டவருடைய பாதத்தைக் கண்ணீரால் கழுவின ஸ்திரீயைப் பாவியென்று உள்ளத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். அந்நேரத்தில் அவளோ மன்னிப்புப் பெற்றுக்கொண்டிருந்தாள். அவன் தீர்ப்பிட்டது நேற்றிருந்த ஒருத்தியை; இன்றிருந்தவளை அவன் பார்க்கவேயில்லை. சிறை சென்று திரும்பினவனையும், குடியை விட்டு ஐந்து வருஷமானவனையும், இளமையில் தவறிப்போன பெண்ணையும் ஊர் பழைய பெயராலேயே கூப்பிடுகிறதே! பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சர்வேசுரன் அழித்துப்போட்டதை நாம் மறுபடியும் எழுதி வைக்கலாமா?

உள்ளத்திலிருந்து நாவுக்கு

கெட்ட எண்ணம் உள்ளத்தோடு நிற்பதில்லை. 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் மூன்று பாவங்களை வேறுபடுத்துகிறது. போதிய ஆதாரமின்றிப் பிறனிடம் குற்றமுண்டென்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வது ஒன்று. உண்மையான குற்றமேயானாலும், தக்க காரணமின்றி அதை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது மற்றொன்று. பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இவற்றில் இரண்டாவதைத்தான் நாம் பாவமென்றே எண்ணுவதில்லை. "நான் இல்லாததைச் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொன்னேன்" என்கிறோம். நடந்ததென்பது மட்டும் போதாது. கேட்பவருக்கு அதை அறிய வேண்டிய அவசியம் இருந்ததா? சொல்லுவதற்கு நமக்குத் தக்க காரணம் இருந்ததா? இவற்றுக்கும் பதில் வேண்டும்.

இன்னொன்றும் நாம் மறந்துபோகிறோம். திருடினவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று நாம் அறிவோம். பிறனுடைய நற்பெயரைக் கெடுத்தவனுக்கும் பரிகாரக் கடமை உண்டு. சொன்னது பொய்யானால், சொன்ன இடத்திலேயே அதைப் பொய்யென்று மறுத்துச் சொல்ல வேண்டும். சொன்னது உண்மையானால், அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. அவனிடமுள்ள நல்லதை உண்மையோடு எடுத்துப் பேசி, கூடியமட்டும் அவன் மதிப்பை உயர்த்த வேண்டும். முன்காலத்தில் ஒரு சொல் கிணற்றடியிலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஒருநாளாவது ஆகும். இப்போது கைபேசியில் விரலை வைத்தால் ஒரு நொடியில் நூறு வீடுகளுக்குப் போய்விடுகிறது. அன்பியத்தின் வாட்ஸாப் குழுவில் ஒருவரைப் பற்றி அனுப்பினதை நாம் அழித்துவிடலாம். படித்தவர்களின் மனத்திலிருந்து அழிப்பது யார்? அனுப்பினவர், தாம் அனுப்பின அதே இடத்தில் தவறென்று எழுத வேண்டிய கடன்காரராயிருக்கிறார். இந்தக் கடனைத் தீர்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிறப்பைக் கண்டு இடும் தீர்ப்பு

இதுவரை செயலைக் கண்டு இடுகிற தீர்ப்பைப் பற்றிப் பேசினோம். ஒரு செயலுமில்லாமல் இடுகிற தீர்ப்பு ஒன்று உண்டு. ஒருவன் என்ன செய்தானென்று கேளாமல், எந்தத் தெருவில் பிறந்தானென்று கேட்டு அவனை மதிப்பது அது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலின் சரித்திரத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். கோவில் ஒன்று, பீடம் ஒன்று, அப்பம் ஒன்று. ஆனால் சாதிக்கொரு பக்கமாகச் சனங்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910-ல் சேசு சபைக் குருவாகிய கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். அதற்காக வழக்குங்கூட நடந்தது. அந்தச் சுவரே ஒரு தீர்ப்பு. அது குழந்தை ஞானஸ்நானம் பெறுமுன்னே எழுதப்பட்டது. எந்தப் புண்ணியத்தாலும் மாற்றப்படாதது.

செங்கல் சுவரை இடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதியால் பிரித்து வைக்கிற ஊர்கள் அதன் பிறகும் இருந்திருக்கின்றன. நம் வீட்டில் வருகிறவரைப் பார்த்துத் தனிக் குவளை எடுக்கிற கையும், திருநாள் வரிக்கு இவர்கள் வேண்டும், தேர் தூக்க இவர்கள் வேண்டாமென்று பேசுகிற நாவும் எந்தச் சுவரின் மிச்சம்? இதை ஊராரிடம் கேட்கவில்லை. வாசகரே, உம்மிடமே கேட்கிறோம்.

செய்யத்தக்கது என்ன?

தீர்ப்பிடாதிருப்பது பாதி வழியே. நெல்லுக்குள் களை எடுத்ததோடு பயிர் விளைந்துவிடாது. எகிப்து நாட்டின் ஸ்கேத்தே வனாந்தரத்தில் நாலாம் நூற்றாண்டில் மோயீசன் என்னும் தபோதனர் ஒருவர் இருந்தார். முன்னே கொள்ளைக்காரராயிருந்து மனந்திரும்பினவர். அங்கே ஒரு சகோதரன் தவறு செய்ததற்காக விசாரணைச் சபை கூட்டி, அவரையும் அழைத்தார்கள். அவர் ஒழுகுகிற பாத்திரமொன்றில் தண்ணீர் நிறைத்துச் சுமந்துகொண்டு வந்தார். இதென்ன என்று கேட்டபோது, தம்முடைய பாவங்கள் தமக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டு வருவதைத் தாம் காணாதிருக்கையில், பிறனுடைய குற்றத்தைத் தீர்க்க வந்திருப்பதாகச் சொன்னாராம். கூடினவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்தார்கள். அவர் குற்றத்தை இல்லையென்று வாதாடவில்லை. குற்றஞ்செய்தவன் பக்கத்தில் தாமும் ஒருவராய்ப் போய் நின்றார். தயவு என்பது இதுதான்.

நாம் நாள்தோறும் கைக்கொள்ளும்படி அர்ச். இஞ்ஞாசியார் தம்முடைய ஞானப் பயிற்சிகளின் தொடக்கத்தில் ஒரு நல்ல முறையை வைத்திருக்கிறார். பிறன் சொன்னதை முதலில் நல்ல கருத்திலே எடுத்துக்கொள்ளப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால், என்ன கருத்தில் சொன்னாரென்று அவரையே கேட்க வேண்டும். அவருடைய கருத்து தவறாயிருந்தால், அன்போடு திருத்த வேண்டும். இதில் நாம் வழக்கமாய்த் தாண்டிவிடுகிற படி எது? நடுவிலுள்ளதே. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்கிறோம். மருமகள் ஏன் பேசாமலிருக்கிறாளென்று அடுத்த வீட்டில் கேட்கிற மாமியார், அடுக்களைக்குப் போய், "என்னம்மா, உடம்பு சுகமில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடுமே!

ஆகையால் இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், உங்கள் மனத்தில் யார்மேல் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறீர்களோ அவரை ஒரு நிமிஷம் நினையுங்கள். அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாய்த் தெரிந்தது என்ன? நான் சேர்த்துக்கொண்டது என்ன? அதை யாரிடம் சொன்னேன்? அவரிடம் நேரில் எப்போதாவது கேட்டேனா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தபின், இந்த வாரத்துக்குள் அவருக்காக ஒரு காரியஞ் செய்யுங்கள். கோவிலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வழியில் கண்டால் முதலில் நீங்கள் தோத்திரம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது சுகமில்லையென்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். காரணம் விசாரிக்கப் போகாதீர்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்லுவார்.

நாம் எந்த அளவால் அளக்கிறோமோ அதே அளவால் நமக்கும் அளக்கப்படுமென்று ஆண்டவர் சொன்னார். களத்துமேட்டைக் கண்டவர்களுக்கு இது நன்றாய் விளங்கும். மரக்காலைத் தலைதட்டி அளப்பவர்களும் உண்டு. கூம்பாய்க் குவித்து அளப்பவர்களும் உண்டு. ஒருநாள் சர்வேசுரன் நமக்கு அளக்கும்போது, அவர் கையிலிருப்பது நாம் நம் அயலானுக்கு அளந்த மரக்காலாகவே இருக்கும். அன்று குவித்து அளக்கப்பட விரும்புகிறவர்கள் இன்று குவித்து அளக்கக் கற்றுக்கொள்ளக் கடவோம்.